அங்கோமா வளைவில் அணையும் விளக்கு

ஹார்மட்டான் காற்று வந்துவிட்டால் குமாசி நகரம் கண்ணைத் திறக்காது. வடக்கே பாலைவனத்தில் யாரோ பழைய சாக்கை உதறுகிறார்கள், தூசி இங்கே வந்து இறங்குகிறது. காலை எட்டு மணிக்குச் சூரியன் இருக்கத்தான் செய்யும். நேருக்கு நேர் பார்த்தாலும் கண் கூசாது. உதடு வெடிக்கும், மூக்குக்குள் எரியும். ஜனங்கள் ஷியா வெண்ணெயை முகத்தில் பூசிக்கொண்டு பாதித் தூக்கத்தில் நடப்பார்கள். வண்டிகள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். எதிரே வருவது லாரியா ஆட்டு மந்தையா என்பது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

அப்படியொரு காலையில்தான் அந்தக் கார் பெடியாக்கோவின் பட்டறைக்கு வந்தது.

பெடியாக்கோ கார் எலக்ட்ரீசியன். சுவாமே பட்டறைப் பேட்டையில் ஒரு பழைய கப்பல் சரக்குப் பெட்டியைக் கடையாக்கி இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். எங்கே கோளாறு என்று மற்றவர்கள் தேடி அலுத்துப்போன வண்டிகள் கடைசியில் அவனிடம்தான் வந்து சேரும். அவனிடம் இருப்பது ஒரு டெஸ்ட் லாம்ப்; ஒரு பல்பும் இரண்டு வயரும், அவ்வளவுதான். பேட்டையில் புதிதாகக் கடை போட்டவர்கள் மூன்று நான்கு மீட்டர்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி திரிவார்கள். அவர்களும் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் வந்து அவனிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று அவன் காரைப் பார்க்கவே இல்லை; சத்தத்தைக் கேட்டான். நின்றபடி ஓடும்போது அந்த எஞ்சின் நான்கு துடிப்புக்கு ஒருமுறை செருமும். பெடியாக்கோ தலையைக் கருவிப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, தேவையில்லாத ஒரு ஸ்பானரை வெகுநேரம் தேடினான்.

அது சார்பொங்கின் கார். சார்பொங் அவனுடைய நண்பன், செத்து மூன்று வருஷம் ஆகிறது.

இதே மாதிரி ஒரு தூசிக் காலையில், அங்கோமா ஓடைப் பாலத்தில் செத்தான். குமாசியிலிருந்து வடக்கே போகிற சாலை அங்கே ஒரு வளைவு வளைந்து குறுகிய பாலத்தில் ஏறும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். தூசிக் காலத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரே சட்டம்: யாருடைய விளக்கு முதலில் தெரிகிறதோ அவன் வரட்டும், மற்றவன் நிற்கட்டும். அன்றைக்கு எதிரே வந்த லாரிக்காரன் நிற்கவில்லை. இரண்டு விளக்கு வந்தது, பிறகு இல்லை, எங்கேயோ தோட்டத்துப் பாதையில் திரும்பிவிட்டான் என்று நினைத்துப் பாலத்தில் ஏறினேன் என்றான். வந்த விளக்கு எப்படியப்பா இல்லாமல் போகும் என்று ஊரே அவனைக் கேட்டது. கடைசியில் டிரைவர் சங்கம் உட்கார்ந்து பேசி, சார்பொங் விளக்குப் போடாமல், தூக்கக் கலக்கத்தில் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டியது.

டிரைவர் செத்தால் அவன் ஆள் ஏற்றுகிற டாக்ஸி ஸ்டேஷனின் வண்டிகள் அத்தனையும் சிவப்புத் துணி கட்டி, ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு அவனைக் கொண்டுபோகும். சார்பொங்குக்கு ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்கவில்லை. தூங்கிக்கொண்டே ஓட்டி, எதிரே வந்தவனையும் கொல்லப் பார்த்தவனுக்கு அந்த மரியாதை கிடையாது என்றார்கள். அவன் பெண்டாட்டி செர்வா சவப்பெட்டிக்குப் பின்னால் சத்தமில்லாத தெருவில் நடந்து போனாள். பெடியாக்கோவும் நடந்தான், ஆனால் அவள் பக்கத்தில் போகவில்லை.

ஏனென்றால், சார்பொங் சாவதற்கு நான்கு மாதம் முன்னால் அந்தக் காரின் விளக்குக்கு ரிலே வைத்துக் கொடுத்தவன் பெடியாக்கோதான். பழைய ஸ்விட்ச் சூடு தாங்காமல் உருகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கரண்டில் பிடித்துக்கொண்டு விளக்குக்குப் பெரிய கரண்டை விடுகிற இந்தச் சின்னப் பெட்டியை வைத்தால் ஸ்விட்சுக்கு வேலை குறையும், விளக்கும் பளிச்சென்று எரியும் என்று சொல்லி வைத்தான். நன்றாகத்தான் எரிந்தது. லாரிக்காரன் சொன்னதை ஊர் நம்பவில்லை. பெடியாக்கோ மட்டும் நம்பினான். அதற்கப்புறம் மூன்று வருஷமாக அவனுக்கு ஒரே கனவு. தூசிக்குள் இரண்டு விளக்கு வரும், மெதுவாக, மஞ்சளாக. அவன் கை எங்கேயோ ஒரு வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். விளக்கு அணையும். சத்தம் எதுவும் வராது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான்.

நொறுங்கிய கார் செர்வாவின் தம்பி ஒபெங் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டு வருஷம் கிடந்தது. பெடியாக்கோ அந்தத் தெருவுக்கே போகமாட்டான். அப்புறம் யாரோ தட்டி நிமிர்த்தி, இடது பக்கத்தை மாற்றி, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஆறு மாதமாக ஒபெங் அதில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது ஒபெங் வந்து நின்று தலையைச் சொறிந்தான். முப்பது வயசு ஆள், வாய் ஓயாதவன். அன்றைக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. இந்தத் தூசி தொடங்கியதிலிருந்து மூன்று தரம் விளக்கு அணைந்துவிட்டதாம். மூன்று தரமும் அங்கோமா வளைவில்தான். பாலத்துக் கைப்பிடியின் வெள்ளைப் பெயிண்டில் வெளிச்சம் விழுந்துகொண்டே வரும், திடீரென்று விழாது. பாலத்தைத் தாண்டுவதற்குள் தானாகவே வந்துவிடும். வேறெங்கும் இப்படி இல்லை. ஸ்டேஷனில் சொன்னபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். சார்பொங்தான் அணைக்கிறான், ஒரு செம்மறியை வெட்டிவிட்டு வண்டியை உடைக்கக் கொடுத்துவிடு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு செர்வா இறங்கினாள். முன்பெல்லாம் பெடியாக்கோவைக் கண்டால் "என் ரெண்டாவது புருஷன் வந்தாச்சு, சோத்தைப் போடு" என்று வம்பிழுப்பாள். புருஷனின் கூட்டாளியை அப்படிக் கேலி பேசுவது அங்கே சகஜம். அடக்கத்துக்குப் பிறகு அவள் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ஆட்டை அப்புறம் வெட்டலாம் மாஸ்டர். முதல்ல நீங்க பாருங்க" என்றாள். "விளக்கை வயர் அணைக்குதா, என் வீட்டுக்காரர் அணைக்கறாரான்னு எனக்குத் தெரியணும். வயர்தான்னா, அன்னிக்கும் வயர்தான். அவர் விளக்குப் போடாம வரல."

"நானே பாக்கணுமா?" என்று கேட்டான் பெடியாக்கோ. கேட்டதும் தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வச்சது நீங்கதானே" என்றாள் அவள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தையல்காரனிடம் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிறவளின் குரல்.

அன்று முழுக்க அவன் வேறு வண்டியைத் தொடவில்லை. பானட்டைத் திறந்தான். ரிலே அவன் வைத்த இடத்திலேயே, வலது பக்கத் தகட்டில், தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. மோதியது இடது பக்கம். இந்தப் பக்கத்தை யாரும் தொட்டிருக்கவில்லை. அவன் இடதுகைக்காரன், டேப்பை எல்லோரும் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவான். பேட்டையில் எந்த வண்டியைத் திறந்தாலும் அவன் வேலை எது, மற்றவன் வேலை எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். தன்னுடைய முடிச்சுகளை மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

விளக்கைப் போட்டான், எரிந்தது. ஒவ்வொரு வயராக ஆட்டினான், இழுத்தான், எரிந்தது. ரிலேயை ஸ்பானரால் தட்டினான், கழற்றி வேறொன்றை மாட்டினான், மறுபடி பழையதை மாட்டினான். தண்ணீர் தெளித்தான். எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினான். காரை ஆட்களை வைத்து இருபக்கமும் உலுக்கினான். விளக்கு இரண்டும் புத்தம் புதுசு மாதிரி எரிந்துகொண்டே இருந்தன. பக்கத்துக் கடைக்காரன் வந்து, இதைவிட நல்ல விளக்கு எங்கே இருக்கிறது, காசை வாங்கிக்கொண்டு அனுப்பு என்றான்.

மத்தியானம் சோளமாவுக் கென்கி உருண்டையையும் பொரித்த மீனையும் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். தூசிக்குள் பேட்டை முழுவதும் தொலைவிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. பக்கத்தில் சுத்தியல் அடிப்பவன்கூட எங்கோ அடுத்த ஊரில் அடிப்பதுபோல் இருந்தது. வயரில் கோளாறு இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்கூட இல்லை. ஆட்டை வெட்டுவார்கள், காரை உடைப்பார்கள், ரிலேயும் அதோடு உருகிப்போகும். யாரும் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. நல்ல மனுஷர்கள் பலர் இந்த இடத்தில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெடியாக்கோவும் எழுந்து கையைக் கழுவினான். கழுவிவிட்டு ஒபெங்கிடம், நாளைக் காலையில் வளைவுக்கே போகலாம் என்று சொன்னான். அப்படிச் சொல்லப்போகிறோம் என்று வாயைத் திறக்கிறவரை அவனுக்குத் தெரியாது.

மறுநாள் தூசி இன்னும் கனமாக இருந்தது. ஒபெங் ஓட்ட, செர்வா முன்னால் உட்கார, பெடியாக்கோ பின்னால் உட்கார்ந்து போனார்கள். சாலையோரத்தில் கோசே வடை சுடுகிறவளின் அடுப்பு வெளிச்சம் வந்தது, போனது. தலையில் வாழைத்தார் வைத்த ஒருத்தியின் வெறும் பாதங்கள் மட்டும் தெரிந்தன; மேலே அவளைக் காணவில்லை. மரங்கள் சாலையைப் பார்க்க எழுந்து வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பெடியாக்கோவுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்று ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருந்தது.

பாலத்தைக் கடந்து மறுகரையில் நிறுத்தச் சொன்னான். அவனும் செர்வாவும் இறங்கிக்கொண்டார்கள். ஒபெங் திரும்பிப் போய், அரை மைல் தள்ளி வண்டியைத் திருப்பிக்கொண்டு, வழக்கமாக எப்படி வருவானோ அப்படியே வர வேண்டும் என்று ஏற்பாடு.

லாரிக்காரன் வந்த பக்கம் அது. பெடியாக்கோ கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றான். கீழே ஓடைத் தாய் அங்கோமா மெலிந்து, கல்லுக்குக் கல் தாவி, தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். எதிரே வெறும் பால் நிறம். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை. பிறகு அந்தப் பால் நிறத்தில் மஞ்சளாக இரண்டு இடம் கனிந்தது. மெதுவாக, அவன் கனவில் வருகிற அதே வேகத்தில், விளக்குகள் வளர்ந்தன. வளைவில் திரும்பின. அவன் கை கைப்பிடியை இறுக்கிக்கொண்டது.

ஹாரன் கேட்டது. மூன்று சுரம் உள்ள பெரிய ஹாரன், மூன்று முறை. பிறகு நீளமாக ஒரு முறை.

விளக்கு இல்லை. விளக்கு இருந்த இடத்தில் தூசி மட்டும் இருந்தது. வண்டி வருகிற சத்தம் வந்தது, வண்டியைக் காணவில்லை. தானே ஒரு லாரியில் உட்கார்ந்திருந்தால், எஞ்சின் இரைச்சலில் இந்த ஹாரனும் கேட்டிருக்காது. யாரும் வரவில்லை என்று பாலத்தில் ஏறியிருப்பான். லாரிக்காரன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிஜம் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. புரிந்து முடிப்பதற்குள் விளக்கு எரிந்துகொண்டே கார் பத்தடியில் வந்து நின்றது.

ஒபெங் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "பாத்தீங்களா மாஸ்டர்? நான் ஒண்ணுமே பண்ணல."

வயருக்கு ஊர் தெரியாது, வளைவு தெரியாது. வளைவில் அணைகிறது என்றால் வளைவில் டிரைவர் என்ன செய்கிறான் என்றுதான் கேட்க வேண்டும். பெடியாக்கோ கேட்டான், கை என்ன செய்தது, கால் என்ன செய்தது, ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னான். ஒபெங் யோசித்து யோசித்துச் சொன்னான். மூன்றாவது கியரிலிருந்து இரண்டு. லேசாகப் பிரேக். ஸ்டீரிங்கை இடது பக்கம். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை என்று செத்துப்போன தன் அப்பன்மேல் சத்தியம் செய்தான். பெடியாக்கோ பிரேக் வயரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தான்.

"ஹாரன் அடிச்சியேடா" என்றாள் செர்வா.

"அது கும்பிட்டது அக்கா" என்றான் ஒபெங். "மூணு அங்கோமாவுக்கு, ஒண்ணு மச்சானுக்கு. ஸ்டேஷன்காரங்க அவருக்கு அடிக்கல. நான் தினமும் அடிக்கறேன்."

அந்தச் சாலையில் ஓட்டுகிறவன் எவனும் ஹாரன் அடித்து அங்கோமாவைக் கும்பிடாமல் பாலம் ஏறமாட்டான். அதை ஓட்டுவதில் ஒரு பகுதி என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. மூச்சு விட்டாயா என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்றுதானே சொல்வோம். பெடியாக்கோவே அங்கே நின்று, ஹாரனைக் காதால் கேட்டும், கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய ஹாரனை ஊருக்குள் அடித்தால் போலீஸ் பிடிக்கும். பகல் வெயிலில் அடிக்கும்போது விளக்கே போட்டிருக்காது, ராத்திரியில் ஒபெங் வண்டி எடுப்பதில்லை. தூசியும், விளக்கும், அந்த ஹாரனும் ஒன்றாகச் சேருகிற இடம் உலகத்தில் இந்த வளைவு ஒன்றுதான்.

இன்னொரு தரம் வா, ஹாரன் அடிக்காமல் வா என்றான் பெடியாக்கோ. ஒபெங் முடியாது என்றுவிட்டான். விளக்கு இல்லாமல் வேண்டுமானால் வருகிறானாம், கும்பிடாமல் வரமாட்டானாம். அவனுக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களாம். பெடியாக்கோ திட்டினான், கெஞ்சினான். கடைசியில் செர்வா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினாள். ஓரத்துத் தண்ணீரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏதோ அடுத்த வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்பதுபோல் பேசினாள்.

"என் தம்பி இப்போ சத்தம் போடாம வருவான். மரியாதை இல்லாம இல்ல, ஒரு வேலை இருக்கு. அவனுக்குப் பதிலா நான் கும்பிட்டாச்சு. வேணும்னா என்னைக் கேளு."

ஓடை ஒன்றும் சொல்லவில்லை. அவள் மேலே வந்து, "சரின்னுட்டா, போ" என்றாள்.

ஒபெங் போனான். மறுபடியும் பால் நிறம், மறுபடியும் இரண்டு மஞ்சள். வளைவில் திரும்பின. ஹாரன் கேட்கவில்லை. விளக்குகள் சிமிட்டாமல், வளைந்து, பாலத்தில் ஏறி, பெரிதாகிப் பெரிதாகி, பெடியாக்கோவின் காலடியில் வந்து நின்றன. செர்வா தோளில் போட்டிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிற்கிற வண்டியிலேயே அடித்துப் பார்த்தான். ஹாரனை அழுத்தினால் விளக்கு போகிறது. விட்டால் வருகிறது. அழுத்தினால் போகிறது.

பானட்டைத் திறந்து ஹாரனின் எர்த் வயரை, கரண்ட் வண்டித் தகட்டுக்குத் திரும்பிப் போகிற வயரை, விரலால் தடவிக்கொண்டே போனான். வயர் ஹாரனுக்குக் காற்றடிக்கிற கம்பிரசரிலிருந்து புறப்பட்டு, ரிலேக்குக் கீழே, ஒரு மடிப்புக்குள் நுழைந்து, ஒரு திருகாணியில் முடிந்தது. அதே திருகாணியில் ரிலேயின் எர்த்தும் முடிந்திருந்தது. இரண்டிலும் டேப் இடதுகைச் சுற்று. திருகாணியைச் சுற்றித் துரு பூத்து, பெயிண்ட் உரிந்திருந்தது.

இரண்டு கரண்டுக்கும் வெளியே போக ஒற்றை வாசல். அது புதுசாக இருந்தபோது இரண்டு பேரும் தாராளமாகப் போனார்கள். துருப்பிடித்து வாசல் குறுகியதும், பெரிய ஹாரன் ஆட்டு மந்தை மாதிரி முட்டிக்கொண்டு நுழையும்போதெல்லாம் ரிலேயின் கொஞ்சூண்டு கரண்டுக்கு வழி இல்லை. ரிலே பிடியை விட்டுவிடுகிறது. இரண்டு விளக்குக்கும் அந்த ஒரே ரிலே.

அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. ஹாரனும் ரிலேயும் ஒரே மத்தியானத்தில் வைத்தான். இரண்டாவது திருகாணிக்கு ஒரு துளை போட வேண்டும். துளைபோடும் மிஷினைப் பக்கத்துக் கடைக்காரன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். பத்து நிமிஷம் காத்திருந்தால் வந்திருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றிலேயே இரண்டையும் முறுக்கிவிட்டான்.

அது மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் திருகாணியைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, மூன்று வருஷமாக எந்தப் பக்கம் போகாமல் இருந்தானோ அந்தப் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சார்பொங் சாவதற்கு ஒரு மாதம் முன்னால். பட்டறை வாசலில் குந்தி உட்கார்ந்து, கென்கியைப் பிய்த்து மிளகாயில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

"என் வண்டிக்குப் பக்தி முத்திப்போச்சுடா. அங்கோமாகிட்ட ஹாரன் அடிச்சா கண்ணை மூடிக் கும்பிடுது."

"உன்னைவிட அதுக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றான் பெடியாக்கோ. இருவரும் சிரித்தார்கள். கை நிறைய மிளகாய்ச் சாந்து. எழுந்து கையைக் கழுவி, பானட்டைத் தூக்கியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எழுந்திருக்கவில்லை.

பானட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வர அவனுக்கு நேரம் பிடித்தது. ஒபெங் தள்ளிப் போய் நின்று, பாலத்தில் வருகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். செர்வா மட்டும் காத்திருந்தாள். பெடியாக்கோ அவளைக் கூட்டிவந்து திருகாணியைக் காட்டினான். எது எதற்கு எர்த், எது எதை அடைக்கிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். பிறகு, "இது நான் போட்டது. ரெண்டு துளை போடணும், ஒண்ணுதான் போட்டேன். அவன் விளக்குப் போட்டுட்டுத்தான் வந்தான். கும்பிட்டான், அணைஞ்சுது. தூசியில, பகல்ல, உள்ள உக்காந்திருக்கறவனுக்கு அது சட்டுனு தெரியாது" என்றான்.

அவள் திருகாணியை நெடுநேரம் பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது அது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து, ஷியா வெண்ணெய் பூசிய கன்னத்தில் நிற்காமல் ஓடியது. ஆனால் அவள் முகம் இறுக்கம் விட்டுத் தளர்ந்துகொண்டிருந்தது. மூன்று வருஷத்தில் அவன் பார்க்காத முகம்.

"அப்போ அவர் தூங்கல" என்றாள்.

"தூங்கல."

"விளக்குப் போட்டுட்டுத்தான் வந்தாரு."

"ஆமா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் கையைத் தொட்டாள். தெரியாமல் செய்த பிழைதானே, எந்த வேலைக்காரனுக்கும் நடக்கிறதுதானே, மூன்று வருஷமாக நீங்களும் வதங்கித்தான் போயிருக்கிறீர்கள், இதை இன்றைக்கு ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் போதும் என்று அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். நல்ல பெண். அவன் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். அவள் கை தன் கைமேல் இருப்பதைத் தாங்க முடியாமல்தான் அவன் மீதியையும் சொன்னான்.

"தெரியாம இல்ல செர்வா. அவன் எங்கிட்ட சொன்னான். ஹாரன் அடிச்சா வண்டி கண்ணை மூடுதுன்னு ஒரு மாசம் முன்னாடியே சொன்னான். நான் எழுந்து பாக்கல. சிரிச்சேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தூசிக்குள் எங்கேயோ ஒரு மாதாகோயில் மணி அடித்து நின்றது. கத்துவாள், அடிப்பாள், தம்பியைக் கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான். எது வந்தாலும் நல்லது என்று இருந்தது அவனுக்கு.

"அவரும் சிரிச்சாரா?" என்று கேட்டாள்.

பெடியாக்கோவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு தலையை ஆட்டினான். "சிரிச்சான். கென்கி புரையேறிடுச்சு. முதுகுல தட்டினேன், அப்பவும் சிரிச்சான்."

அவள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. திரும்பியபோது கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"இப்போ எதையும் சரி பண்ணாதீங்க. இப்படியே ஓட்டிட்டுப் போவோம். ஸ்டேஷன்காரங்க கண்ணு முன்னால அணையட்டும், திருகாணியைக் காட்டுங்க, நீங்க போட்டதுன்னு சொல்லுங்க. அது அவருக்கு நீங்க செய்யவேண்டியது" என்றாள். சற்று நிறுத்தினாள். "சிரிச்சதைச் சொல்ல வேண்டாம். அதை எனக்குக் குடுத்துருங்க."

அவள் போய் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒபெங் ஓடிவந்து எஞ்சினைக் கிளப்பினான். பெடியாக்கோ பானட்டை மெதுவாக இறக்கி, பின் சீட்டில் ஏறி, ஸ்டேஷனில் முதல் வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனான்.